கவிழ்ந்த பிறகு என்ன செய்வது? கயாக் மீட்புப் பயிற்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொங்கல் கழிந்ததும் மேட்டூர் நீர்த்தேக்கத்தில் இரண்டு நாள் கயாக் (துடுப்பால் ஓட்டும் ஒடுக்கமான சிறு படகு) பயணம் போகிறோம். தருமபுரி மாவட்டக் கரையோரம், நாகமரை, ஒட்டனூர் பக்கத்து நீர்ப்பரப்பு. தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் என்று மொத்தம் ஒன்பது பேர். அதற்கு முன்னால் மார்கழியில் நாலு ஞாயிற்றுக்கிழமையும் மீட்புப் பயிற்சி. நாலில் மூன்றுக்காவது வராதவர்களுக்குப் பயணத்தில் இடமில்லை என்று சொல்லிவிட்டோம். சொன்ன நாளிலிருந்து என் போன் ஓயவில்லை. எல்லாரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள் என்பதால் இங்கே எழுதிவைக்கிறேன்.

எனக்கு நீச்சல் நன்றாகத் தெரியும். பிறகு எதற்கு நாலு வாரம்?

நம் ஊரில் பாதிப் பேர் கிணற்றில் நீச்சல் கற்றவர்கள். முதுகில் சுரைக்குடுக்கை, அப்புறம் காலி எண்ணெய் கேன், அதற்கும் அப்புறம் மாமா பின்னாலிருந்து ஒரு தள்ளு. அந்த நீச்சலை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கிணற்றில் எந்தப் பக்கம் போனாலும் பத்துக் கைவீச்சில் சுவர் வந்துவிடும். நீர்த்தேக்கத்தின் நடுவில் கவிழ்ந்தால் கரை ஒரு கிலோமீட்டருக்கு மேல் இருக்கலாம். லைஃப் ஜாக்கெட்டோடு நீந்துவது நெல் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஓடுகிற மாதிரி. காற்று வீசினால் காலிப் படகு உங்களைவிட வேகமாக நகரும், துரத்திப் பிடிக்க முடியாது.

அதனால் முதல் நாளே மண்டையில் ஏற்றுவது இதைத்தான்: விழுந்ததும் ஒரு கை படகில், ஒரு கை துடுப்பில். செருப்பு போகட்டும், தொப்பி போகட்டும், போனும் போகட்டும். படகு மிதக்கும், தூரத்திலிருந்து தெரியும். தண்ணீரில் தனியாக மிதக்கும் தலை தேங்காய் அளவுக்குத்தான் தெரியும்.

நீச்சலே தெரியாது. வரலாமா?

முதல் இரண்டு வாரத்துக்கு வாருங்கள். அதுவரை எல்லாம் மார்பளவுத் தண்ணீரில்தான். பயணத்துக்கு இந்த வருடம் வேண்டாம்.

ஒகேனக்கல் பரிசலில் எத்தனையோ முறை போயிருக்கிறேன். கயாக் அதைவிட ஆபத்தா?

இரண்டும் வேறு வேறு. பரிசல் வட்டமானது, அகலமானது, அடி தட்டை. நீங்கள் சும்மா உட்கார்ந்திருக்கிறீர்கள். ஓட்டுகிறவர் அந்தப் பாறைகளையெல்லாம் பேர் சொல்லிக் கூப்பிடுகிற அளவுக்குத் தெரிந்தவர். கயாக்கின் அகலம் சுமார் 60 சென்டிமீட்டர். உள்ளே உட்கார்ந்து ஓட்டுகிற வகையில் இடுப்பிலிருந்து கால்வரை படகுக்குள் இருக்கும். எட்டிப் பின்னால் பையை எடுத்தால்கூடச் சாயும். கவிழ்வது இதில் சாதாரண விஷயம், சைக்கிள் பழகுகிறவன் விழுகிற மாதிரி. நமக்குத் தெரிய வேண்டியது மறுபடி ஏறுவது. அது தெரியாதவரை நடுத்தண்ணீருக்குப் போகக் கூடாது.

பயிற்சி எங்கே?

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு ஏரி. பேரைப் போட்டால் ஞாயிற்றுக்கிழமை வேடிக்கைக் கூட்டம் சேர்ந்துவிடும், வருகிறவர்களுக்கு மட்டும் தனியாகச் சொல்கிறேன். அதைவிட, எந்தெந்த இடத்தை ஏன் விட்டோம் என்பது உபயோகமாக இருக்கும்.

ஒகேனக்கலைப் பேச்சுக்குக்கூட எடுக்கவில்லை. ஓடுகிற தண்ணீர், பாறை இடுக்கு, சுழல். காவிரியில் முதலையும் உண்டு, அங்கே முதலைகள் மறுவாழ்வு மையம் இருப்பது சும்மா அழகுக்கு இல்லை. ஓசூர் கெலவரப்பள்ளி அணை எனக்கு வீட்டுக்குப் பக்கம் மாதிரிதான். ஆனால் பெங்களூருப் பக்கத்துக் கழிவு கலந்து தென்பெண்ணையில் நுரை பொங்கி வருவதைப் பார்த்தவர்கள் அதில் தலைகீழாகத் தொங்க மாட்டார்கள். பயிற்சியில் இரண்டு மடக்குத் தண்ணீராவது எல்லாரும் குடிப்போம்.

கிருஷ்ணகிரி அணையில் நல்ல நீர்ப்பரப்பு இருக்கிறது. ஆனால் எந்த அணையானாலும் மதகுப் பக்கம் போகவே கூடாது என்பது எங்கள் விதி. அந்த அணையிலேயே 2017 நவம்பர் கடைசியில் முதல் மதகின் ஷட்டர் உடைந்து தண்ணீர் பீறிட்டது நினைவிருக்கும். உடைய வேண்டும் என்றுகூட இல்லை, வழக்கம்போலத் திறந்தாலே அந்த இழுப்பில் துடுப்புக்கு வேலை இல்லை.

இன்னொன்று, தார்ப்பாய் விரித்த பண்ணைக்குட்டை. "எங்கள் தோட்டத்திலேயே இருக்கிறது, ஆள் நடமாட்டமும் இல்லை" என்று இரண்டு பேர் ஆசையாகக் கூப்பிட்டார்கள். வேண்டவே வேண்டாம். அந்தப் பிளாஸ்டிக் சரிவு பாசி பிடித்தால் எண்ணெய் தடவின மாதிரி. நீச்சல் தெரிந்தவர்களே ஏற முடியாமல் மாட்டிக்கொள்கிற இடம் அது.

எங்களுக்கு வேண்டியது மெதுவாக ஆழமாகிற மணல் கரை, அடியில் சீமைக்கருவேல முள் இல்லாத தரை, ஆகாயத்தாமரை மூடாத நீர், வலை போடாத மூலை. நீர்வளத்துறையிடமும் மீன் குத்தகைக்காரரிடமும் ஊரிலும் சொல்லிவிட்டுத்தான் இறங்குகிறோம். தண்ணிப்பாம்பு இருக்கும். விஷமில்லை. அதுவும் உங்களைப் பார்த்தால் ஓடத்தான் பார்க்கும்.

முதல் நாள் என்ன நடக்கும்?

தலைகீழாகக் கவிழ்ந்து வெளியே வருவது. அன்று முழுக்க அதுதான்.

இடுப்பில் கட்டி, உட்காரும் குழியின் வாயை மூடித் தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் பாவாடை, ஸ்பிரே ஸ்கர்ட், இல்லாமல் முதல் ஐந்து முறை. பக்கத்தில் ஒருவர் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டிருப்பார். மூச்சை இழுத்துக்கொண்டு பக்கவாட்டில் சாய்கிறீர்கள். தலைகீழானதும் உடம்பு தானாகவே பின்னால் வளையப் பார்க்கும், அங்கேதான் மாட்டிக்கொள்வோம். முன்னால் குனிய வேண்டும், நெற்றி படகின் மேல்தட்டைத் தொடுகிற அளவுக்கு. இரண்டு கையையும் வெளியே நீட்டிப் படகின் அடியில் மூன்று தட்டு. பிறகு கையை இடுப்புக்குப் பக்கத்தில் விளிம்பில் ஊன்றி, பேன்ட்டைக் கழற்றுகிற மாதிரி படகைத் தள்ளிவிட்டு முன்பக்கமாகக் குட்டிக்கரணம். மூக்கால் 'ம்ம்ம்' என்று ஊதிக்கொண்டே வந்தால் தண்ணீர் ஏறாது.

மூன்று தட்டு எதற்கு என்று எல்லாரும் கேட்பார்கள். மேலே இருப்பவருக்கு 'உதவி வேண்டும்' என்ற சைகை அது. ஆனால் உள்ளதைச் சொன்னால், புதிதாக வருகிறவருக்கு அது பதற்றத்தை அடக்கும் மருந்து. மூன்று எண்ணுகிற மனம் அலறாது.

அதற்குப் பிறகு ஸ்கர்ட்டோடு. ஸ்கர்ட்டின் முன்னால் ஒரு பட்டை வளையம் இருக்கும், அதை முன்னால் தள்ளி இழுத்தால் கழன்றுவிடும். கரையை விட்டுக் கிளம்புமுன் அந்த வளையம் வெளியே தொங்குகிறதா என்று தொட்டுப் பாருங்கள். உள்ளே மடிந்துகொண்டால் தலைகீழாக இருட்டில் தேட வேண்டிவரும். எங்கள் குழுவில் ஒருவர் அடுத்தவரின் வளையத்தைப் பார்த்து "வளையம்" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்து அட்டென்டன்ஸ் மாதிரி இருக்கும், இருக்கட்டும்.

டி ரெஸ்க்யூ என்கிறார்களே, அது என்ன?

இரண்டு படகு ஆங்கில டி எழுத்து மாதிரி நிற்பதால் அந்தப் பெயர். நாங்கள் உயிரைக் கொடுத்துப் பழகுவது இந்த ஒன்றைத்தான், மற்றதெல்லாம் இதற்கப்புறம். (படகின் முன்பக்கத்தை மூக்கு என்றும் பின்பக்கத்தை வால் என்றும் சொல்கிறோம். கடற்கரைக்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள், அவர்களுக்கு மூக்கு என்பது அணியம்.)

விழுந்தவர் படகைப் பிடித்தபடி அதன் வால்பக்கம் போகிறார். படகு கவிழ்ந்தபடியே இருக்கட்டும், நிமிர்த்த வேண்டாம். மீட்பவர் தன் படகைக் கவிழ்ந்த படகின் மூக்குக்குக் குறுக்காகக் கொண்டுவருகிறார். விழுந்தவர் வாலை அழுத்த, மூக்கு மேலே வரும். மீட்பவர் அதைப் பிடித்துத் தன் மடிக்கு மேலே இழுத்துப் போட்டுக்கொள்கிறார். அந்தச் சமயத்தில் உட்காரும் குழியிலிருந்து தண்ணீர் குடம் கவிழ்த்த மாதிரி கொட்டும். கொட்டி முடிந்ததும் படகைப் புரட்டி நிமிர்த்தித் தண்ணீருக்குள் சறுக்கிவிட வேண்டும்.

இப்போது இரண்டு படகும் பக்கம் பக்கமாக, ஒன்றின் மூக்கு மற்றதன் வாலைப் பார்த்தபடி. துடுப்புகள் இரண்டும் குறுக்கே. மீட்பவர் இரண்டு கையாலும் காலிப் படகின் குழி விளிம்பைப் பிடித்து, தன் நெஞ்சையே அதன்மேல் சாய்க்கிறார். பயப்பட வேண்டாம், இரண்டும் சேர்ந்தால் திண்ணை மாதிரி அசையாது. இதை நம்பாமல் நிமிர்ந்து உட்கார்ந்து விரல் நுனியில் பிடிப்பவர்கள்தான் சேர்ந்து கவிழ்வார்கள்.

விழுந்தவர் குழிக்குப் பின்னால் மேல்தட்டில் கை வைத்து, காலைத் தண்ணீரின் மேல்மட்டத்துக்கு உதைத்துக்கொண்டுவந்து, ஒரே மூச்சில் வயிற்றால் ஏறுகிறார். முகம் வாலைப் பார்த்து இருக்கும். காலைக் குழிக்குள் விட்டு, உடம்பை மீட்பவர் பக்கம் திருப்பியபடியே உட்கார வேண்டும். மறுபக்கம் திரும்பினால் முதலிலிருந்து ஆரம்பம்.

நிறையப் பேர் இங்கே முடிந்துவிட்டது என்று கையைத் தட்டுவார்கள். ஸ்கர்ட் மாட்டி, மிச்சத் தண்ணீரைப் பம்பால் இறைத்து, துடுப்பு கைக்கு வந்து, "விடலாம்" என்று அவர் வாயால் சொன்ன பிறகுதான் மீட்பவர் கையை எடுக்க வேண்டும். எங்கள் கணக்கு, கவிழ்ந்ததிலிருந்து "விடலாம்" வரை மூன்று நிமிடம். போன வருடம் முதல் வாரத்தில் ஒரு ஜோடி பதினொரு நிமிடம் எடுத்தது. அதில் ஆறு நிமிடம், யார் துடுப்பைப் பிடிப்பது என்ற வாக்குவாதம்.

கையில் அவ்வளவு பலம் இல்லை. வயிற்றால் ஏற முடியுமா?

முடியும். ஏறுவதற்குக் கால்தான் வேலை செய்ய வேண்டும். கீழே தொங்குகிற காலோடு கையால் இழுத்தால் பயில்வானுக்கும் முடியாது, கால் படகுக்கு அடியில் போய்விடும். உடம்பு தண்ணீரில் படுத்திருக்கிற நிலைக்கு வந்தபிறகு உதைத்தால் வழுக்கிக்கொண்டு வரும்.

அப்படியும் வராவிட்டால் குதிகால் முறை. படகின் பக்கத்தில் மல்லாக்கப் படுத்து, மீட்பவர் பக்கம் இருக்கிற குதிகாலைக் குழிக்குள் கொக்கி மாதிரி மாட்டி, அதை வைத்து உடம்பை உருட்டி ஏறுவது. எங்கள் குழுவில் காரிமங்கலத்திலிருந்து வரும் ஒரு அக்கா இரண்டு ஞாயிற்றுக்கிழமை அழாத குறையாக முயன்றார். மூன்றாம் வாரம் குதிகாலை மாட்டியதும் இருபது நொடியில் உள்ளே உட்கார்ந்துவிட்டு, "இதை முதல்லயே சொல்லியிருக்கலாம்ல தம்பி?" என்று கேட்டார். கேள்வி நியாயம்தான். அதனால் இந்த வருடம் எல்லாருக்கும் முதலிலேயே இரண்டு முறையும்.

மூன்றாவது வழி, நாலு மீட்டர் பட்டைக் கயிற்றை வளையமாகக் கட்டிக் கால் வைக்கும் படியாகத் தொங்கவிடுவது. களைத்துப் போனவருக்கு அது வரப்பிரசாதம். ஆனால் கயிறு காலில் சுற்றிக்கொள்ளும், அதையும் பழக வேண்டும்.

துப்பட்டா, தொளதொள பேன்ட், வேட்டி, லுங்கி எதுவும் வேண்டாம். முழங்கால்வரை ஒட்டிய உடை, அதற்குமேல் முழுக்கை டீ ஷர்ட்.

செகண்ட் ஹேண்டில் படகு மலிவாக வருகிறது. வாங்கலாமா?

நான் வாங்கிய கதையைச் சொல்கிறேன். பெங்களூரில் ஒருவரிடம் பேரம் பேசி, ஆட்டோவின் தலையில் கட்டிக்கொண்டுவராத குறையாகக் கொண்டுவந்தேன். பார்க்க ஜோர். பழைய குழுவோடு முதல் பயிற்சியில் கவிழ்ந்தேன். மற்றவர்கள் படகெல்லாம் கட்டை மாதிரி மிதக்க, என் படகின் மூக்கு மெதுவாக உள்ளே போய், வால் வானத்தைப் பார்த்து நின்றது. கோயில் தேர்முட்டியில் நட்ட கம்பம் மாதிரி. கரையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு வயிறு கலங்கிவிட்டது.

காரணம் எளிது. நல்ல கயாக்கில் உட்காரும் குழிக்கு முன்னாலும் பின்னாலும் நீர் புகாத தடுப்புச் சுவர் இருக்கும். என்னுடையதில் பின்னால் மட்டும் இருந்தது. முன்பாதி முழுக்கத் திறந்த வாய். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. 150 லிட்டர் புகுந்தால் 150 கிலோவை ஒருவர் மடிக்கு மேல் தூக்க வேண்டும், நடக்கிற காரியமா? பின்தடுப்பும் இல்லாத படகானால் மூக்கைத் தூக்கினாலும் தண்ணீர் வாலுக்கு ஓடி அங்கேயே உட்கார்ந்துகொள்ளும்.

தீர்வும் எளிது. தடுப்பு இல்லாத பக்கத்தில் காற்றுப் பையைத் திணித்துக் கட்டிவிட வேண்டும். கடையில் கிடைக்கும் பை விலை அதிகம் என்று நான் தருமபுரியில் பஞ்சர் கடையிலிருந்து பழைய டியூபை வாங்கி, பாதி ஊதி, உள்ளே விட்டு, மிச்சம் ஊதி, நாடாவால் கட்டினேன். மூன்று வருடமாக ஓடுகிறது. கட்டாமல் விட்டால் கவிழ்ந்ததும் டியூப் வெளியே வந்து தனியாகப் பயணம் போகும், அதையும் பார்த்தாயிற்று.

மேலே உட்கார்ந்து ஓட்டும் வகையில் இந்தத் தொல்லை இல்லை. புரட்டி நிமிர்த்தி ஏறினால் முடிந்தது. ஆனால் அடியிலுள்ள திருகு மூடியை மறக்காதீர்கள்.

நான் தனியாக இருந்தால்?

எங்களோடு தனியாக இருக்க மாட்டீர்கள். இருந்தாலும் மூன்றாம் வாரம் இதையும் பழகுவோம். துடுப்பின் ஒரு முனையில் ஊதும் பையை மாட்டி, படகுக்குக் குறுக்காக வைத்தால் தோணிக்குப் பக்கக் கட்டை போட்ட மாதிரி ஒரு பிடிமானம் கிடைக்கும். அதன்மேல் காலைப் போட்டு ஏறுவது. அமைதியான தண்ணீரில் அழகாக வரும். அலை இருந்தால் பாதிப் பேருக்கு வராது, ஏறினாலும் படகு நிறையத் தண்ணீரோடு தள்ளாடும். இதை நம்பித் தனியாகப் போகிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம்.

கவிழ்ந்தால் அப்படியே உருண்டு மேலே வருகிறார்களே, அதைச் சொல்லித் தர மாட்டீர்களா?

மாட்டோம். நாலு வாரத்தில் ஏரியில் வந்துவிடும், பயந்துபோன நேரத்தில் வராது.

கரையில் இருப்பவர்கள் பயந்துவிட மாட்டார்களா?

பயந்தார்கள். முதல் வருடம் குத்தகைக்காரரிடம் சொன்னோம், அன்று காலை வலை எடுக்க வந்த பெரியவரிடம் சொல்லவில்லை. நான் கவிழ்ந்து, படகுக்கு அடியில் மூன்று தட்டுத் தட்டி, வெளியே தலையை நீட்டினால், ஒரு பரிசல் என் காதுக்குப் பக்கத்தில் நிற்கிறது. பெரியவர் என் ஜாக்கெட்டின் கழுத்தைப் பிடித்து ஆட்டுக்குட்டியைத் தூக்குகிற மாதிரி தூக்கிவிட்டார். "இல்லீங்கய்யா, சும்மா பழகறோம்" என்றேன். அவர் என்னை விட்டுவிட்டு, மூச்சு வாங்கியபடி, "விழறதா இருந்தா சொல்லிட்டு விழுங்கப்பா" என்றார்.

அப்புறம் அரைமணி நேரம் பரிசலிலேயே உட்கார்ந்து பார்த்தார். போகும்போது ஒன்று சொன்னார்: "எல்லாம் வெறும் படகுல பழகறீங்க. சாமான் ஏத்துனா இது வேற மாதிரி புரளும்." நாங்கள் யோசிக்காத விஷயம். அந்த வருடத்திலிருந்து நாலாவது வாரம் முழுப் பாரத்தோடு: கூடாரம், அரிசி, பாத்திரம், ஆளுக்கு எட்டு லிட்டர் தண்ணீர். பாரம் ஏற்றிய படகைத் தூக்க முடியாது, மூக்கைக் கொஞ்சம் சாய்த்து வடித்து, மீதியைப் பம்பால் இறைக்க வேண்டியிருக்கிறது. மூன்று நிமிடம் ஆறாகிறது. மேல்தட்டில் கட்டிய மூட்டை ஏறவே விடாது. அதனால் இப்போது மேல்தட்டில் எதையும் கட்டுவதில்லை.

காற்று, குளிர்?

ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும்போது கயாக் எம்மாத்திரம்? ஆனி, ஆடியில் நாங்கள் தண்ணீர்ப் பக்கம் போவதில்லை. சித்திரை, வைகாசியில் மதியத்துக்கு மேல் திடீரென்று இடியோடு கோடைமழை வரும். மார்கழி, தை காலைகள்தான் நமக்கு. ஓசூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, அந்தக் குளிர் அவர்கள் வீட்டுக் குளிர். விடியற்காலையில் ஏரித் தண்ணீர் வெளிக்காற்றைவிட வெதுவெதுப்பாக இருக்கும். வெளியே வந்ததும்தான் பல் தந்தியடிக்கும். நடுங்க ஆரம்பித்தவரை அதோடு கரைக்கு அனுப்பிவிடுவோம், "இன்னும் ஒருமுறை" என்பதெல்லாம் கிடையாது.

ஆனால் நாலாவது வாரம் கொஞ்சம் காற்றடிக்கிற நேரமாகப் பார்த்தே இறங்குவோம். கண்ணாடி மாதிரித் தண்ணீரில் மட்டும் பழகியவர்கள் அலை வந்ததும் எல்லாவற்றையும் மறக்கிறார்கள்.

இதே பயிற்சியோடு காவிரி ஆற்றில் போகலாமா?

போகக் கூடாது. ஓடும் தண்ணீருக்கான மீட்பு தனிப் படிப்பு. ஆற்றில் விழுந்தால் எழுந்து நிற்கவே கூடாது, பாறை இடுக்கில் கால் மாட்டினால் தண்ணீர் உங்களை அப்படியே மடித்து அமுக்கிவிடும். மல்லாந்து, கால் நீரோட்டத்தின் திசையில், பாதம் மேலே தெரிய மிதந்து போக வேண்டும். டி ரெஸ்க்யூ செய்ய அங்கே நேரமும் இடமும் இருக்காது. பிலிகுண்டுலுவில் காலையில் ஒரு அளவு, சாயங்காலம் வேறு அளவு என்று நீர்வரத்து மாறுவதையும், கூடியதும் ஒகேனக்கலில் பரிசலுக்கும் குளிப்பதற்கும் மாவட்ட நிர்வாகம் தடை போடுவதையும் பேப்பரில் பார்த்திருப்பீர்கள். அந்தக் காட்டுப் பகுதி 2022-ல் காவிரி தெற்கு வன உயிரின சரணாலயமாகவும் அறிவிக்கப்பட்டிருக்கிறது, வனத்துறையைக் கேட்காமல் அங்கே படகு இறக்கும் பேச்சே இல்லை.

விழுந்தவருக்கு நினைவு இல்லையென்றால்?

படகைத் தண்ணீரோடு பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து, ஆளின் காலை உள்ளே செருகி, மேல்தட்டில் சாய்த்தபடி படகோடு சேர்த்து நிமிர்த்துவது. முறத்தால் அள்ளுகிற மாதிரி. இரண்டு பேர் வேண்டும், படகுக்குள் தண்ணீர் இருந்தாலும் பரவாயில்லை. மூன்றாம் வாரம் செய்து காட்டுவோம். கனமான ஆள் நானே நடிக்கிறேன்.

என்னென்ன கொண்டுவர வேண்டும்?

50 நியூட்டன் மிதப்பு உள்ள லைஃப் ஜாக்கெட். போட்டுக்கொண்டு யாரையாவது தோள்பட்டையைப் பிடித்துத் தூக்கச் சொல்லுங்கள், காதுவரை ஏறினால் பெரியது. விசில், ஜாக்கெட்டிலேயே கட்டியபடி. ஒரு ஊது என்றால் இங்கே பார், மூன்று என்றால் உடனே வா. கைப்பம்பு இரண்டு பேருக்கு ஒன்று போதும். கண்ணாடி போடுகிறவர்கள் பின்னால் கயிறு கட்டுங்கள், போன வருடம் ஏரிக்கு இரண்டு கண்ணாடி கொடுத்தாயிற்று. மாற்றுடை, துண்டு. மோதிரம், வளையல், கொலுசு வீட்டில்.

எத்தனை மணிக்கு வர வேண்டும்? சாப்பாடு?

ஆறரைக்குக் கரையில். ஏழுக்குத் தண்ணீரில். வெறும் வயிற்றில் வராதீர்கள், வயிறு முட்டவும் வராதீர்கள், இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பத்தரைக்கு மேலே ஏறியதும் எங்கள் வீட்டுக் கேழ்வரகுக் கூழும் மோர்மிளகாயும் இருக்கும். தூக்குச்சட்டி ஒன்றுதான், டம்ளரை அவரவர் எடுத்துவாருங்கள். பெரியவருக்கு ஒரு டம்ளர் நான் எடுத்துவருகிறேன்.